எண் அழிந்த இரண்டு துண்டுகள்

ஓசூரில் நான் வேலை பார்த்த ஆய்வகத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு இருபது நிமிட நடை. வழியில் ஐந்து கம்பெனி கேட்டுகள். ஒவ்வொரு கேட்டிலும் இரண்டு மூன்று நாய்கள் இருக்கும். செக்யூரிட்டிகள் போடும் மிச்சச் சோற்றில் வளர்ந்தவை. சைக்கிளில் போகிறவனைத் துரத்தும், கண்டெய்னர் லாரியின் டயரோடு சண்டைக்குப் போகும். என்னைப் பார்த்தால் மட்டும் குரைக்காது. படுத்திருந்தது எழுந்து, வாலைக் கால்களுக்கு நடுவில் சொருகிக்கொண்டு, சத்தமில்லாமல் பின்னால் நகரும். பத்தடி தள்ளி நின்று நான் கடந்து போகும்வரை பார்த்துக்கொண்டிருக்கும்.

மார்கழிக் காலையில் அந்த ரோட்டில் பனி இடுப்பளவுக்கு நிற்கும். நாய்களின் உடம்பு தெரியாது. தலைகள் மட்டும் மெல்லப் பின்னால் போவது தெரியும்.

எனக்குப் பேய், காத்துக் கருப்பு எதிலும் நம்பிக்கை கிடையாது. நம்புகிறவர்களைக் கண்டால் எரிச்சல்தான் வரும். சதை கெடாமல் இருக்க ஊற்றுகிற ஃபார்மலின், கையில் ஒட்டிய அதன் வாடை எத்தனை சோப்பு போட்டாலும் போகாது, நாய்க்கு மூக்கு அதிகம், அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு முறை கோவில்பட்டிப் பக்கம் எங்கள் ஊருக்குப் போய்ப் பன்னிரண்டு நாள் இருந்துவிட்டு வந்தேன். திரும்பி வந்த அன்று காலை பஸ்ஸை விட்டு இறங்கிப் பையோடு நடந்தேன். முதல் கேட்டு நாய்கள் எழுந்து அப்படியே பின்வாங்கின. அன்றைக்கு எந்த வாடை என்று எனக்குத் தெரியவில்லை.

என் வேலை இதுதான். ஆஸ்பத்திரிகளில் நோயாளியின் உடம்பிலிருந்து வெட்டியெடுக்கும் சதைத் துண்டு எங்களிடம் வரும். அதன் ஈரத்தை ஸ்பிரிட்டில் போக்கி, மெழுகில் பதித்து, வெங்காயத் தோலைவிட மெல்லியதாகச் சீவி, கண்ணாடி ஸ்லைடில் ஒட்டிச் சாயம் ஏற்றி வைப்பேன். சனிக்கிழமைதோறும் பெங்களூரிலிருந்து ஒரு டாக்டர் வந்து மொத்தத்தையும் மைக்ராஸ்கோப்பில் பார்த்து ரிப்போர்ட் சொல்லிவிட்டுப் போவார். இரண்டு அறை கொண்ட சின்ன இடம். முன்னறை ஜன்னலோரம் மனிதர்களின் ஸ்லைடு தட்டுகள். பின்னறை அலமாரியில் நாய்களின் பாட்டில்கள்.

நாய்கள் எப்படி வந்தன என்று சொல்ல வேண்டும். அப்போது ஓசூரில் தெருநாய்களைப் பிடித்துக் குடும்பக் கட்டுப்பாடு செய்து, காது நுனியில் ஒரு வெட்டுப் போட்டு, பிடித்த இடத்திலேயே விட ஆரம்பித்திருந்தார்கள். அந்த ஆபரேஷன்களைச் செய்த கால்நடை மருத்துவர் ஒருவர் வேலையோடு சேர்த்து ஆராய்ச்சிப் படிப்பும் படித்துவந்தார். நாய்களின் விதை எப்படி வளர்கிறது, எப்படி வேலை செய்கிறது, அதில் வளர்ச்சிக் காரணிகள் என்கிற புரதங்களுக்கு என்ன பங்கு என்பது அவர் தலைப்பு. காயடித்து எடுத்த விதைகளை எண் போட்ட பாட்டில்களில் கொண்டுவந்து தருவார். எங்கள் முதலாளியிடம் பேசி, சீவித் தருகிற வேலையை என் தலையில் கட்டிவிட்டார். முதல் மாதம் எனக்கு அந்தப் பாட்டில்களைப் பார்க்கவே பிடிக்காது. ஜோடி ஜோடியாக மிதந்துகொண்டிருக்கும். நான் எந்தப் பக்கம் நின்றாலும் என்னைத் திரும்பிப் பார்ப்பதாகவே தோன்றும்.

நல்ல மனிதர். கேட்டால் பொறுமையாகச் சொல்வார்.

"குட்டி தாய் வயித்துக்குள்ள இருக்கறப்ப விதை ரெண்டும் கிட்னி பக்கத்துலதாம்மா இருக்கும். பொறந்த பிறகு மெல்ல மெல்லக் கீழ இறங்கி வரும். சில நாய்க்கு ஒண்ணு வராம வயித்துக்குள்ளயே தங்கிடும்."

"தங்கினா என்ன சார்?"

"வயித்துச் சூடு அதுக்கு ஆகாது. உள்ள இருக்கற விந்தணு வகையெல்லாம் செத்துப்போயிடும். ஆண்தன்மை மட்டும் இருக்கும்."

மைக்ராஸ்கோப்பில் விதையைப் பார்த்தால் குறுக்கே வெட்டிய குழாய்களாக, வட்டம் வட்டமாகத் தெரியும். ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் இரண்டு வகை ஆட்கள் இருப்பதாக அவர் சொன்னார். ஒன்று, விந்தணுவாக மாறப்போகிற தாய் அணுக்களும் அவற்றின் வரிசைகளும். இன்னொன்று, அவற்றைச் சுற்றி நின்று வளர்க்கிற அணு.

"அது ஒரு ஆயா மாதிரி. இந்த வளர்ச்சிக் காரணியைச் சுரக்கறது அதுதான். இங்கேயே இரு, பெருகுன்னு தாய் அணுகிட்ட அது சொல்லிக்கிட்டே இருக்கணும். சொல்றத நிறுத்திட்டா தாய் அணு தங்காது. மொத்தமா முத்தி வெளிய போயிடும். குழாய் காலியாயிடும்."

அந்தப் புரதம் இருக்கும் இடத்தில் மட்டும் பழுப்பு நிறம் ஏறும்படி ஒரு மருந்தை ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவார். லாரியில் அடிபட்டுச் செத்த குட்டிகளின் ஸ்லைடில் அந்தப் பழுப்பு அடர்த்தியாக இருக்கும். பெரிய நாய்களில் குறைந்திருக்கும்.

"வயித்துல தங்கிப்போன விதைல, சார்?"

"வளர்க்கறதுக்கு ஆளே இருக்காது. ஆனா பழுப்பு இருக்கும். சொல்லப்போனா கொஞ்சம் கூடவே இருக்கும்."

"யாருமில்லாத வீட்டுல அது யாரைக் கூப்பிடுது?"

அவர் சிரித்தார். "தீசிஸ்ல அப்படியெல்லாம் எழுத முடியாதும்மா."

நான் சிரிக்கவில்லை. எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருடம் ஆகியிருந்தது.

என் வீட்டுக்காரருக்குச் சாமல்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். ஓசூரில் கியர் செய்கிற கம்பெனி ஒன்றில் ஹீட் ட்ரீட்மென்ட் பிரிவில் ஃபர்னஸ் ஆபரேட்டர், கியரை உலையில் சுட்டுக் கெட்டியாக்குகிற வேலை. அதிகம் பேசாதவர். பேசினால் ஃபர்னஸைப் பற்றித்தான் பேசுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பெனி மூடியிருக்கும், ஆனால் இவர் முறை வந்தால் போய்த்தான் ஆக வேண்டும்.

"லீவு நாள்ல என்ன வேலை?" என்று ஒருமுறை சண்டை போட்டேன்.

"வேலை ஒண்ணும் கெடையாது. உள்ள ஒரு பீஸ் கூட இருக்காது. ஆனா ஃபர்னஸ ஆஃப் பண்ண மாட்டாங்க. சூட்டக் கொறச்சி வெச்சி அது பாட்டுக்கு எரிஞ்சினே இருக்கும். ஒரு ஆளு பாத்துனு ஒக்காந்திருக்கணும்."

"காலியா எரியறத அணைக்க வேண்டியதுதான?"

"அணைச்சா உள்ள இருக்கற செங்கல்லு விரிஞ்சிடும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஷெட்ல யாருமே இருக்க மாட்டாங்க. உள்ள யாரோ இருக்கற மாதிரியே இருக்கும்" என்றார்.

என் பரிசோதனைகளில் எந்தக் குறையும் இல்லை. அவருடைய பரிசோதனையை எங்கள் ஆய்வகத்தில் செய்ய வெட்கப்பட்டுக் கிருஷ்ணகிரியில் போய்ச் செய்துவந்தார். விந்தணு ஒன்றுகூட இல்லை என்று வந்தது. எங்களைப் பார்த்துவந்த ஓசூர் டாக்டர் விதையிலிருந்து அரிசியளவு சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். உள்ளே உற்பத்தி ஆகவே இல்லையா, அல்லது உற்பத்தியாகி வரும் வழி அடைத்திருக்கிறதா என்று அதில் தெரிந்துவிடும். அடைப்பாக இருந்தால் ஆபரேஷன் செய்து சரிசெய்ய வழி உண்டு. உற்பத்தியே இல்லையென்றால் ஒன்றும் செய்ய முடியாது.

"புரொடக்‌ஷன்ல பிரச்சனையா, டெஸ்பாட்ச்ல பிரச்சனையான்னு கேக்கறாரு" என்று எனக்கு விளக்கினார் வீட்டுக்காரர். அந்த ஆறு வருடத்தில் அவர் அடித்த ஒரே ஜோக் அது.

சதை எடுத்த அன்று பாட்டிலை அவரே சட்டைப் பையில் வைத்து எடுத்துக்கொண்டு, காலை அகட்டி அகட்டி நடந்து எங்கள் ஆய்வகத்துக்கு வந்தார். மதியம் பன்னிரண்டரை மணி, மின்வெட்டு நேரம். அந்த வருடங்களில் மின்வெட்டு மணியடித்தது போல வந்து மணியடித்தது போலப் போகும். பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை எங்கள் முறை. மற்ற பெண்கள் சாப்பிடப் போயிருந்தார்கள்.

"நீயே பண்ணிடு. வேற யாரும் தொட வேணாம்" என்றார். பாட்டிலைக் கொடுத்த கை சூடாக இருந்தது.

அந்த நேரத்தில் பின்னறையில் என் மேஜையில் இன்னொரு பாட்டிலும் இருந்தது. கால்நடை மருத்துவர் காலையில் கொடுத்த இருபத்துமூன்றாம் எண் நாய். அவர் நோட்டில் அந்த எண்ணுக்கு எதிரே, ஒன்று இறங்கவில்லை என்று எழுதியிருந்தது. பாட்டிலில் வழக்கமான ஜோடி இல்லை, ஒரு விதைதான். அதிலிருந்தும் அரிசியளவு துண்டு வெட்டி வைத்திருந்தேன். விதைச் சதைக்கென்று தனியாக ஒரு மஞ்சள் திரவம் உண்டு, இரண்டும் அதில்தான் ஊறியிருந்தன. இரண்டும் ஒரே மஞ்சள், ஒரே அளவு.

துண்டுகளை ஓட்டை போட்ட சின்னப் பிளாஸ்டிக் பெட்டிகளில் தனித்தனியாக மூடி, பெட்டியின் மேல் எண் எழுதி ஸ்பிரிட்டில் போட வேண்டும். எங்கள் தொழிலில் முதல் நாள் சொல்லிக்கொடுக்கும் பாடம், எண்ணைப் பென்சிலில்தான் எழுத வேண்டும் என்பது. பேனா மை ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். புதிதாக வந்த பெண்கள் பேனாவை எடுத்தால் கையில் ஒன்று வைப்பேன்.

அன்று அவர் என் எதிரே ஸ்டூலின் விளிம்பில், வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பென்சில் முன்னறையில் இருந்தது. எழுந்து போனால் சாப்பிடப் போனவர்கள் வந்துவிடுவார்களோ என்று அவசரம். அவர் சட்டைப் பையில் கம்பெனிப் பேனா குத்தியிருந்தது. நான் அதை உருவி அவருடைய எண்ணை எழுதினேன். அதே கையோடு மற்றதில் இருபத்துமூன்று என்று எழுதினேன். பேனாவைத் திரும்ப அவர் பையிலேயே குத்திவிட்டேன்.

பதினோரு வருட அனுபவம். எப்படிச் செய்தேன் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

மறுநாள் மெழுகில் பதிக்க எடுத்தபோது இரண்டு பெட்டிகளும் வெள்ளை வெளேரென்று இருந்தன. ஸ்பிரிட் மட்டும் லேசான நீலமாக மாறியிருந்தது. யாரிடமும் சொல்லாமல் இரண்டையும் பதித்து, சீவி, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் வைத்தேன்.

முதல் ஸ்லைடில் வட்டங்கள் எல்லாம் நிரம்பி வழிந்தன. வரிசை வரிசையாக அணுக்கள், நடுவில் வாலோடு விந்தணுக்கள். இரண்டாவதில் வட்டங்கள் இருந்தன, உள்ளே யாரும் இல்லை. ஓரத்தில் மட்டும் அந்த ஆயா அணுக்கள் ஒற்றை வரிசையில் நின்றன. நடுவெல்லாம் வெறுமை. திருவிழா முடிந்து எல்லோரும் போய்விட்ட மைதானத்தைப் பார்ப்பது போல இருந்தது.

எனக்குப் பெரிய நிம்மதி. இருபத்துமூன்றுக்குத்தான் ஒன்று இறங்கவில்லையே, பாட்டிலில் வந்தது அந்த ஒன்றுதானே. வயிற்றில் தங்கிய விதை காலியாகத்தான் இருக்கும் என்று மருத்துவரே சொல்லியிருக்கிறாரே. ஆகவே காலியாக இருப்பது நாயுடையது. நிரம்பியிருப்பது என் வீட்டுக்காரருடையது. நிரம்பிய ஸ்லைடில் அவர் எண்ணைப் பென்சிலில் அழுத்தி எழுதி முன்னறைத் தட்டில் வைத்தேன். அப்போது அதை யோசித்துச் செய்த முடிவு என்றுதான் நினைத்தேன். இல்லை, ஆசைப்பட்டேன். அதுதான் உண்மை.

சனிக்கிழமை டாக்டர் அறுபது எழுபது ஸ்லைடுகளுக்கு நடுவே அதையும் பார்த்தார். அரை நிமிடம்கூட இல்லை. உற்பத்தி நன்றாக இருக்கிறது, அடைப்பாக இருக்கலாம் என்று சொன்னார், நான்தான் எழுதிக்கொண்டேன்.

அந்த ரிப்போர்ட்டை வீட்டுக்காரர் மூன்று முறை வாசித்தார். பெட்டிக்கடையில் ஒரு ரூபாய் போனில் அம்மாவைக் கூப்பிட்டு, "எல்லாம் நல்லாத்தான் இருக்குதாம்மா. வழி மட்டும்தான் அடைச்சினு இருக்குதாம்" என்று ரோடே கேட்கும்படி சொன்னார். நாணயம் தீர்ந்து, இன்னொன்று போட்டு, மறுபடி அதையே சொன்னார். ஆபரேஷனுக்கு மூன்று வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை குறித்தார்கள்.

இந்தச் சமயத்தில்தான் இருபத்துமூன்று எங்கள் ஆய்வகத் தெருவுக்குத் திரும்பி வந்தது. செவலை நிறம், கறுத்த வாய், இடது காது நுனியில் புது வெட்டு. மருத்துவர் என்னை அழைத்துக் காட்டினார், "உங்க தெரு ஆளுதாம்மா, புடிச்ச இடத்துல கொண்டாந்து விட்டாச்சு" என்று. அது வந்த நாளிலிருந்து முன்னறை ஜன்னலுக்கு வெளியே வந்து உட்காரும். மற்ற நாய்கள் என்னைக் கண்டு பின்வாங்கும்போது இது மட்டும் அசையாது. ஜன்னல் கம்பிக்குள் மூக்கை வைத்து, உள்ளே மேஜையைப் பார்த்துக்கொண்டே இருக்கும். விரட்டினால் எழுந்து போகும். கால் மணி நேரத்தில் திரும்ப வந்திருக்கும்.

பின்னறை ஜன்னலுக்குப் போனால் நாய்ப் பாட்டில்களின் வாடை இருக்கிறது, இது ஏன் மனித ஸ்லைடுகள் இருக்கும் பக்கம் வருகிறது என்று ஒருநாள் யோசித்தேன். முன்பக்கம் நிழல், அதனால் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

வீட்டுக்காரர் என்னை அழைத்துப்போக வரும்போதெல்லாம் அதற்கு ஒரு பொறை வாங்கிப் போடுவார். "ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல கத்தி" என்பார். அதுவும் அவரிடம் நன்றாக ஒட்டிக்கொண்டது. ஒரு பக்கம் அவர், ஒரு பக்கம் நான், நடுவில் அது என்று கேட்டுகளைத் தாண்டிப் போவோம். கேட்டு நாய்கள் எங்கள் மூவரையும் பார்த்துப் பின்னால் போகும்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். காயடித்த நாய் சாதுவாகிவிடும் என்பார்கள். இருபத்துமூன்று அப்படி ஆகவில்லை. கம்பத்துக்குக் கம்பம் காலைத் தூக்கியது. பெட்டை நாயின் பின்னால் பேரிகை ரோடு வரை போய்க் கடிபட்டு வந்தது. நான் அதைத் தினமும் பார்த்தேன். பார்த்துச் சிரித்தேன். அதற்குமேல் யோசிக்கவில்லை.

ஆபரேஷனுக்குப் பத்து நாள் இருந்தபோது மருத்துவர் ஐஸ் பெட்டியோடு வந்தார். நான் இருபத்துமூன்று என்று எண் போட்டிருந்த மெழுகு பிளாக்கைச் சீவிக் கொடுத்தேன். பகல் முழுக்க இருவரும் சேர்ந்து அந்த மருந்தை ஏற்றினோம். கடைசியில் மைக்ராஸ்கோப்பில் வைத்ததும் முதலில் நான்தான் பார்த்தேன். காலி வட்டங்களின் ஓரமெல்லாம் பழுப்பு தகதகவென்று இருந்தது. அத்தனை அடர்த்தியை அதுவரை எந்த ஸ்லைடிலும் நான் பார்த்ததில்லை. உள்ளே ஒருவருமில்லை. ஒவ்வொரு வட்டமும் எரிந்துகொண்டிருந்தது.

மருத்துவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து ஸ்லைடில் எண்ணைப் பார்த்தார். மறுபடி குனிந்தார்.

"இது இருபத்துமூணா? இருக்காதே."

"வயித்துல தங்கினதுதான சார். நீங்கதான நோட்டுல எழுதியிருக்கீங்க, ஒண்ணு இறங்கலன்னு."

"இறங்கலன்னுதாம்மா எழுதினேன். அத எடுத்தேன்னு எழுதலையே. அன்னிக்கு உள்ள தேடிப் பாத்தேன், கிடைக்கல. மயக்கம் தெளியற மாதிரி இருந்துச்சு, தச்சுட்டேன். உங்கிட்ட குடுத்தது கீழ நல்லா இருந்த விதை. அது நெறஞ்சு இருக்கணும்." ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். "நீயே பாக்கறியே, இன்னும் அது ஆட்டம் போடறத. உள்ள ஒண்ணு இருக்கப்போய்த்தான?"

ஜன்னலில் இருபத்துமூன்றின் மூக்கு இருந்தது.

மருத்துவர் சலிப்போடு ஸ்லைடை எடுத்து வைத்தார்.

"வேற நாயோடத மாத்தி வெச்சிட்ட போல."

"ஆமா சார்" என்றேன். "வேற நாயோடதா இருக்கும்."

அந்த வார்த்தை என் வாயிலிருந்துதான் வந்தது. அதை நினைத்தால் இப்போதும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

மருத்துவர் போனபின் பின்னறைக்குப் போய் இருபத்துமூன்றின் பாட்டிலைத் திறந்தேன். மிச்சமிருந்த சதையிலிருந்து புதிதாக ஒரு துண்டு எடுத்து, பென்சிலில் எண் போட்டு, மறுநாள் சீவிப் பார்த்தேன். வரிசை வரிசையாக நிரம்பியிருந்தது. என் வீட்டுக்காரர் எண்ணைப் போட்டு நான் முன்னறையில் வைத்திருந்த ஸ்லைடும் அதுவும் அச்சு அசல் ஒன்று. டாக்டர் பார்த்துச் சொன்னது, என் வீட்டுக்காரர் போனில் கத்திச் சொன்னது, மாமியார் சாமல்பட்டியில் பொங்கல் வைத்தது எல்லாம் அந்த நாயின் விதைக்கு.

அந்த ஸ்லைடை எடுத்து, எண்ணை அழித்து, பின்னறை நாய்த் தட்டில் வைத்தேன். அடுத்த நாள் காலை முன்னறை ஜன்னலில் யாருமில்லை. இருபத்துமூன்று பின்னறை ஜன்னலுக்கு வெளியே, குப்பைமேட்டின் ஓரம் உட்கார்ந்து, கம்பி வழியாக உள்ளே பார்த்துக்கொண்டிருந்தது. பின்பக்கம் காலை வெயில் வரும், பனிக்காலம், அதனால்தான் என்று சொல்லிக்கொண்டேன். ஆனால் தட்டின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடினேன்.

சொல்ல வேண்டும் என்று தெரியும். சொல்லாவிட்டால் வியாழக்கிழமை அவரை மேஜையில் படுக்கவைத்து, இல்லாத அடைப்பைத் தேடி அறுப்பார்கள். ஆனாலும் நான்கு நாள் வாயைத் திறக்கவில்லை. எனக்குக் கோபமான கோபம். மருத்துவர் மேல், நோட்டு மேல், பேனா மேல், எதையும் கேட்காமல் நம்பிவிட்ட இந்த மனுஷன் மேல். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்தால் ரசத்தில்கூட ஃபார்மலின் வாடை அடித்தது. அவர் சந்தோஷமாக இருந்தார். வெள்ளிக்கிழமை ஒரு சின்னத் தொட்டில் கம்பி வாங்கி வந்து, எங்கே மாட்டலாம் என்று உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதைப் பார்த்தபிறகு முடியவில்லை. "நாளைக்கு ஷிஃப்டுக்குப் போறதுக்கு முன்னாடி லேபுக்கு வாங்க. ஒண்ணு காட்டணும்" என்றேன்.

மறுநாள் சனிக்கிழமை. பெங்களூர் டாக்டர் சாயங்காலம்தான் வருவார். அவரிடம் என் தப்பைச் சொல்லி ரிப்போர்ட்டை மாற்றி வாங்கியதும், அவர் என்னைத் திட்டிய திட்டும், வேலை போகாமல் தப்பியதும் பிறகு நடந்தவை. வீட்டுக்காரரிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

பதினொன்றே முக்காலுக்கு வந்தார். செகண்ட் ஷிஃப்டுக்கு யூனிஃபார்ம் போட்டிருந்தார், சட்டைக் கையில் தீப்பொறி பட்ட ஓட்டைகள். மைக்ராஸ்கோப்பின் முன்னால் அவரை உட்காரவைத்தேன். பழுப்பு ஏற்றிய ஸ்லைடை வைத்து விளக்கைப் போட்டேன். முதலில் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை, தன் இமைமுடிதான் தெரிகிறது என்றார். நான் பின்னால் நின்று திருகைத் திருப்பினேன்.

"ஆங். வட்டம் வட்டமா இருக்குது. சுத்தி சொக்கத் தங்கமாட்டம் எரியுது." கொஞ்ச நேரம் பார்த்தார். "இது யாருது?"

"உங்களது."

"அப்பறம் பாத்தாரே டாக்டரு, நல்லா இருக்குதுன்னு?"

"அது நாயோடது. நான்தான் மாத்திட்டேன். பேனால எழுதி அழிஞ்சிடுச்சு. உங்களது இதுதான்."

அவர் முகத்தை எடுக்கவில்லை. கண்ணாடியில் கண்ணை வைத்தபடியே இருந்தார். முதுகு மட்டும் எனக்குத் தெரிந்தது. அது அசையவில்லை.

"உள்ள ஒருத்தரயும் காணமே" என்றார்.

"இல்லைங்க."

"ஒருத்தரு கூடவா?"

"எல்லாப் பக்கமும் நகர்த்திப் பாத்துட்டேன். இல்ல."

"அப்ப ஏன் இப்படி எரியுது?"

மருத்துவர் சொன்னதை நான் சொன்னேன். ஓரத்தில் நிற்பது வளர்க்கிற அணு, வந்து தங்கு, பெருகு என்று அது கூப்பிட்டுக்கொண்டே இருக்கும், வர ஆள் இல்லையென்றாலும் கூப்பிடுவதை நிறுத்தாது என்று. மன்னிச்சிடுங்க என்று சொல்ல நினைத்தேன், வரவில்லை. அழுதேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஞாயித்துக்கெழம ஃபர்னஸு" என்றார் மெதுவாக.

பின்பக்க ஜன்னலில் இருபத்துமூன்று கம்பியைப் பிராண்டும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. சரியாகப் பன்னிரண்டு மணிக்கு மின்சாரம் போனது. மைக்ராஸ்கோப்பின் விளக்கு அணைந்தது, ஃபேன் சுற்றிச் சுற்றி நின்றது. இனி இரண்டு மணி வரைக்கும் வராது.

அவர் எழவில்லை. இருண்டுபோன கண்ணாடியில் கண்ணை வைத்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"கரண்ட் போயிடுச்சுங்க" என்றேன். "எழுந்திருங்க."

"இரு."

"ஒண்ணும் தெரியாதுங்க இப்ப."

"தெரியுது" என்றார். "இன்னும் எரிஞ்சினுதான் இருக்குது."

ஷிஃப்டுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. நான் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.